உறக்கத்தில் தாமாக அசையும் கைகால்கள்: குடும்பத்தினர் அறிய வேண்டியவை

உறக்கத்தில் நேரும் கைகால் அசைவுகளைப் பற்றி எங்களிடம் முறையிடுவோர் பெரும்பாலும் உறங்கியவர் அல்லர். அவர் அருகில் படுத்திருந்தவரே ஆவர். "இரவு முழுவதும் காலை உதைத்துக்கொண்டே இருக்கிறார்", "போர்வை ஓரிடத்தில் நிற்பதில்லை", "கனவில் யாரையோ அடிப்பதாக எண்ணி என்னை அடித்துவிட்டார்" என்று மனைவியோ மகளோ கூறுவர். உறங்கியவரோ, "எனக்கு ஒன்றும் தெரியாது டாக்டர், காலையில் எழும்போது சோர்வாக இருக்கிறது, அவ்வளவுதான்" என்பார். இருவர் கூறுவதும் உண்மையே.

இவ்வசைவுகளைக் கண்ட குடும்பத்தினர் சிலர் இதனை நரம்புத் தளர்ச்சி என்று முடிவு செய்து சத்து மாத்திரை வாங்கிக் கொடுக்கின்றனர். சிலர் வலிப்பு என்று அஞ்சுகின்றனர். வேறு சிலர், "வயதானால் இப்படித்தான்" என்று விட்டுவிடுகின்றனர். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் காணப்படும் இவ்வசைவுகள் உண்மையில் பல வகைப்படும். ஒரு வகைக்கு எம்மருத்துவமும் தேவையில்லை. ஒரு வகைக்கு இரத்தத்தில் இரும்புச்சத்தைப் பரிசோதித்தல் வேண்டும். இன்னொரு வகைக்குப் படுக்கையறையின் பாதுகாப்பும் நரம்பியல் மருத்துவரின் தொடர் கண்காணிப்பும் வேண்டும். இவற்றுள் எது என்பதைப் பிரித்தறிய எங்களுக்கு முதலில் உதவுவது கருவியன்று. அருகில் இருப்பவர் கண்டு சொல்லும் செய்தியே. அதனை எவ்வாறு கவனித்துச் சொல்வது என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

உறக்கத்தின் இரு நிலைகள்

உறக்கம் இரவு முழுவதும் ஒரே சீராக அமைவதில்லை. ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை சுழலும் சுற்றுகளாக அது அமைகிறது. ஓர் இரவில் இத்தகைய சுற்றுகள் நான்கு அல்லது ஐந்து நிகழ்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் இரு நிலைகள் உண்டு. முதலாவது அமைதி உறக்கம். இதில் மூளையின் செயல்பாடு படிப்படியாகத் தணிகிறது. தசைகள் தளர்கின்றன, ஆயினும் அசையும் ஆற்றலை இழப்பதில்லை. இரண்டாவது கனவுறக்கம். இதில் மூடிய இமைகளுக்குள் கண்கள் விரைந்து அசைகின்றன. மூளை விழித்திருக்கும்போது போலவே சுறுசுறுப்பாக இயங்குகிறது. தெளிவான கனவுகள் தோன்றுகின்றன.

கனவில் ஓடுகிறோம், சண்டையிடுகிறோம். எனினும் படுக்கையில் அசைவற்றுக் கிடக்கிறோம். கனவுறக்கத்தின்போது மூளைத்தண்டு, கைகால் தசைகளுக்குச் செல்லும் கட்டளைகளைத் தடுத்து நிறுத்துவதே அதற்குக் காரணம். மூச்சுக்கு உதவும் உதரவிதானமும் கண் தசைகளும் மட்டும் இத்தடைக்கு விலக்கு. அமைதி உறக்கத்தின் ஆழ்ந்த பகுதி இரவின் முற்பகுதியில் மிகுந்தும், கனவுறக்கம் விடியலை ஒட்டிய பிற்பகுதியில் மிகுந்தும் காணப்படும். ஆகவே, அசைவு எந்நேரத்தில் நிகழ்கிறது என்பதே நோயறிதலில் ஒரு முக்கியக் குறிப்பாகும்.

முதல் வகை: கண்ணயரும்போது நேரும் துள்ளல்

படுத்துக் கண்ணயரும் தறுவாயில் திடீரென்று உடல் ஒருமுறை தூக்கிப் போடுகிறது. படியில் கால் தவறியதுபோலவோ, பள்ளத்தில் விழுந்ததுபோலவோ ஓர் உணர்வும் உடன் எழலாம். விழித்துக்கொண்டு, சற்று நேரத்தில் மீண்டும் உறங்கிவிடுகிறோம். இது நம்முள் மிகப் பெரும்பாலோர்க்கு எப்போதேனும் நேர்வதே. உறக்கமின்மை, மனக்கவலை, கடும் உடலுழைப்பு, மாலையில் அருந்தும் காபி ஆகியவை இதனை மிகுவிக்கும். இது நோயன்று, நரம்புத் தளர்ச்சியின் அறிகுறியும் அன்று. இதற்கு மாத்திரை தேவையில்லை.

இரண்டாம் வகை: சீரான இடைவெளியில் நேரும் கால் அசைவு

இவ்வகையில் உறங்குபவரின் கால் பெருவிரல் மேல்நோக்கி நிமிர்கிறது, கணுக்கால் மடங்குகிறது, சில வேளைகளில் முழங்காலும் இடுப்பும் சேர்ந்து மடங்குகின்றன. அரை விநாடி முதல் 10 விநாடி வரை நீடித்துக் கால் பழைய நிலைக்குத் திரும்புகிறது. பின்னர் மீண்டும் அதே அசைவு. இரு அசைவுகளுக்கு இடையே பெரும்பாலும் 20 முதல் 40 விநாடிகள் இருக்கும். ஏதோ ஒரு கடிகாரம் உள்ளிருந்து இயக்குவதுபோன்ற இச்சீர்மையே இவ்வகையின் அடையாளம். இது அமைதி உறக்கத்தில், பெரும்பாலும் இரவின் முற்பாதியில் நிகழ்கிறது. சிலருக்குக் கைகளிலும் காணப்படும்.

இங்கிலாந்தின் நரம்பியல் மருத்துவர் சார்லஸ் சைமண்ட்ஸ் 1953இல் இத்தகைய இரவுநேர அசைவுகளைத் தனியே விவரித்தார். பின்னர் இத்தாலியின் பொலோனியா நகர ஆய்வாளர்கள் இரவு முழுவதும் கருவிகளால் பதிவு செய்து, இவை வலிப்பு அல்ல என்பதையும், குறிப்பிட்ட கால இடைவெளியில் நிகழ்பவை என்பதையும் தெளிவாக்கினர்.

ஒரு மணி நேர உறக்கத்தில் வயது வந்தோர்க்கு 15க்கு மேலும், குழந்தைகளுக்கு 5க்கு மேலும் இத்தகைய அசைவுகள் பதிவானால் அவை இயல்புக்கு மிகுதி எனக் கொள்கிறோம். ஆயினும் ஒன்றை அழுத்தமாகக் கூற விரும்புகிறோம்: எண்ணிக்கை மட்டும் நோயாகாது. முதியோர் பலருக்கு இவ்வசைவுகள் மிகுதியாக இருந்தும் உறக்கம் கெடுவதில்லை. பகலில் சோர்வும் இருப்பதில்லை. அத்தகையோர்க்கு மருந்து கொடுப்பதால் அசைவு குறையலாம். ஆனால் நோயாளிக்குக் கிடைக்கும் நன்மை ஏதுமில்லை, பக்கவிளைவே மிஞ்சும். அசைவுகளால் உறக்கம் கலைந்து, அதனால் பகல் வாழ்க்கை பாதிக்கப்பட்டு, அதற்கு வேறு காரணமும் இல்லையெனில் மட்டுமே நாங்கள் இதனை நோயாகக் கருதி மருத்துவம் செய்கிறோம்.

மூன்றாம் வகை: விழித்திருக்கும்போதே தொடங்கும் கால் குடைச்சல்

இரவில் காலசைவு உள்ளவரிடம் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, "படுத்ததும் கால் குடைகிறதா?" என்பதே. அமைதியற்ற கால்கள் நோய் என்று அழைக்கப்படும் இந்நிலை உள்ளவர்களுள் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர்க்கு மேற்சொன்ன சீரான அசைவுகளும் உறக்கத்தில் நிகழ்கின்றன. ஆனால் அசைவு உள்ளவர் அனைவருக்கும் இந்நோய் இருப்பதில்லை.

இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672இலேயே இதனை எழுதிவைத்துள்ளார். சுவீடனைச் சேர்ந்த கார்ல் ஆக்செல் எக்பாம் 1945இல் இதனை முழுமையாக விவரித்துப் பெயரிட்டார். நம் நோயாளிகள் இதனைப் பல விதமாகச் சொல்கின்றனர்: எலும்புக்குள் ஏதோ நெளிகிறது, எறும்பு ஊர்கிறது, கால் குடைகிறது, சொல்லத் தெரியவில்லை. சிலர் கெண்டைக்காலைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு படுக்கின்றனர். சிலர் பேரப்பிள்ளைகளைக் காலில் ஏறி மிதிக்கச் சொல்கின்றனர். சிலர் நள்ளிரவில் எழுந்து கூடத்தில் நடக்கின்றனர். இவர்களைக் கண்டு வீட்டார் நகைப்பதுண்டு. அது தகாது, இத்துன்பம் மெய்யானது.

இதனை உறுதி செய்ய நான்கு குறிப்புகள் போதும். காலை அசைத்தே ஆகவேண்டும் என்னும் உந்துதல் எழுகிறது. ஓய்வாக உட்கார்ந்தாலோ படுத்தாலோ அது தொடங்குகிறது அல்லது மிகுகிறது. நடந்தாலோ நீட்டி மடக்கினாலோ தணிகிறது. மாலையிலும் இரவிலும் மோசமாகிறது. இந்நான்கும் இருந்து, வேறு காரணம் இல்லையெனில் நோய் இதுவே. இதற்கென ஸ்கேனோ, இரவு முழுவதும் நடத்தும் உறக்கப் பரிசோதனையோ பொதுவாகத் தேவைப்படுவதில்லை.

இரும்புச்சத்தின் பங்கு

அசைவுகளை ஒழுங்குபடுத்தும் டோபமின் என்னும் வேதிப்பொருளை மூளை உண்டாக்குவதற்கு இரும்பு தேவை. இந்நோய் உள்ளவர் பலரின் மூளையில் இரும்பின் அளவு குறைந்திருப்பது ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. எனவே இந்நோயாளிகளுக்கு உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்னும் இரத்தப் பரிசோதனையைச் செய்கிறோம்.

ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம். பரிசோதனை முடிவில் "இயல்பு" என்று அச்சிடப்பட்டிருந்தும் இந்நோய்க்கு அது போதாமல் இருக்கலாம். வயது வந்தோர்க்கு இது ஒரு மில்லிலிட்டருக்கு 75 நானோகிராமோ அதற்குக் குறைவோ இருந்தால் இரும்பு கொடுப்பதைப் பற்றி நாங்கள் சிந்திக்கிறோம். மாத்திரையாகவோ, தேவையெனில் நரம்பு வழியாகவோ அது கொடுக்கப்படும். மாத்திரையின் பயன் தெரியச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் ஆகும். தேநீரும் காபியும் இரும்பு உட்கவரப்படுவதைத் தடுப்பதால், மாத்திரைக்கும் அவற்றிற்கும் இடையே ஒன்றிரண்டு மணி நேரம் விடுதல் வேண்டும். எலுமிச்சை, நெல்லிக்காய் போன்ற வைட்டமின் சி உள்ளவை உதவும். மலம் கருத்துப் போவது இம்மாத்திரையால் நேர்வது, அஞ்ச வேண்டியதில்லை.

பரிசோதிக்காமல் தாமாக இரும்பு மாத்திரை உட்கொள்வது தவறு. தலசீமியா போன்ற நிலைகளில் உடலில் இரும்பு மிகுந்து தீங்கு விளைவிக்கும். மேலும், இரும்பு ஏன் குறைந்தது என்பதும் அறியப்பட வேண்டும். மிகுதியான மாதவிலக்கு, மூலம், இரைப்பைப் புண், கொக்கிப்புழு, குடலில் புற்றுநோய் ஆகிய எதுவும் அதன் பின்னால் இருக்கலாம்.

கர்ப்பிணிகளுக்குக் கடைசி மூன்று மாதங்களில் இக்குடைச்சல் தோன்றுவதுண்டு. பெரும்பாலும் மகப்பேற்றுக்குப் பின் சில வாரங்களில் அது நீங்கிவிடும். சிறுநீரகச் செயலிழப்பால் டயாலிசிஸ் செய்துகொள்வோர்க்கும் இது மிகுதி. குழந்தைகளுக்கு மாலையில் வரும் கால்வலியை "வளர்ச்சி வலி" என்று கூறிவிடுகிறோம். அவற்றுள் சில இந்நோயாக இருக்கக்கூடும்.

சில மருந்துகளும் இதனைத் தூண்டும். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கப்படும் குளோர்பெனிரமைன், வாந்திக்கான மெட்டோகுளோப்ரமைடு, மனச்சோர்வுக்கான பல மருந்துகள் ஆகியவை அவற்றுள் அடங்கும். எனவே வரும்போது வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும் எடுத்து வாருங்கள். ஆனால் இதைப் படித்துவிட்டு எந்த மருந்தையும், குறிப்பாக மனநல மருந்துகளை, நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

நான்காம் வகை: கனவைச் செயலாக நிகழ்த்துதல்

கனவுறக்கத்தில் தசைகளை நிறுத்திவைக்கும் தடை சிலருக்குப் பழுதுறுகிறது. அப்போது அவர் காணும் கனவு அப்படியே செயலாக வெளிப்படுகிறது. கூச்சலிடுகிறார், குத்துகிறார், உதைக்கிறார், கட்டிலிலிருந்து குதிக்கிறார். இது பெரும்பாலும் பின்னிரவில் நிகழும். எழுப்பினால் விரைவில் தெளிந்து, "நாய் துரத்தியது, உதைத்தேன்" என்பதுபோல் கனவையும் கூறுவார். அமெரிக்காவின் மினசோட்டாவில் கார்லோஸ் ஷெங்க், மார்க் மஹோவால்ட் ஆகியோரின் குழு 1986இல் இதனைத் தனி நோயாக விவரித்தது. ஐம்பது வயதைக் கடந்த ஆண்களிடம் இது மிகுதியாகக் கண்டறியப்படுகிறது.

அடிபட்ட மனைவியரிடம் முதலில் ஒன்றைச் சொல்கிறோம். அது உங்கள் கணவரின் உள்ளத்தில் மறைந்திருந்த சினமன்று. அமைதியான இயல்புடையோரும் உறக்கத்தில் இவ்வாறு நடந்துகொள்வதுண்டு. எனினும், அவர்மேல் குற்றமில்லை என்பதற்காக நீங்கள் அடியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நோய் கட்டுப்படும்வரை தனியே படுப்பது பிரிவாகாது, இருவருக்கும் பாதுகாப்பாகும்.

கட்டிலை விடுத்துத் தரையில் மெத்தையிட்டுப் படுக்கச் செய்யுங்கள். கண்ணாடிப் பொருள்கள், கூரிய முனையுள்ள மேசை, கத்தி, கனமான விளக்கு ஆகியவற்றை அப்புறப்படுத்துங்கள். அசையும்போது அருகில் சென்று கைகளைப் பிடித்து அடக்க முயலாதீர்கள். கனவில் அவர் உங்களையே பகைவராகக் கருதி வலுவாகத் தாக்கக்கூடும். சற்று விலகி நின்று பெயர் சொல்லி அழையுங்கள்.

இந்நோயைப் புறக்கணிக்கக் கூடாமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. சிலருக்கு இது பார்க்கின்சன் நோய், அதனோடு உறவுடைய மறதி நோய் ஆகியவற்றிற்குப் பல ஆண்டுகள் முன்னரே தோன்றும் அறிகுறியாக அமைகிறது. 2019இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், ஆண்டுதோறும் நூற்றுக்கு ஆறு பேர் அளவில் அந்நோய்களுக்கு உள்ளாயினர். இதைக் கூறுவது அச்சுறுத்துவதற்காகவன்று. அனைவருக்கும் அவ்வாறு நேர்வதில்லை. மனச்சோர்வுக்கான சில மருந்துகளாலும் இது வரலாம். உறக்க மூச்சுத்தடையும் இதுபோல் தோன்றலாம். ஆனால் இந்நோய் உறுதியானவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் நரம்பியல் மருத்துவரைக் காண்பது நன்று. மெலடோனின், குளோனசெபம் ஆகிய மருந்துகள் பலருக்கு இவ்வசைவுகளைக் குறைக்கின்றன.

இவைபோல் தோன்றும் பிற

கெண்டைக்கால் சதை கல்போல் இறுகி, கடுமையான வலியோடு விழிக்கச் செய்தால் அது தசைப்பிடிப்பு. பாதங்களில் பகலும் இரவும் எரிச்சல் இருந்து, நடந்தாலும் தணியாவிடில் நீரிழிவால் வந்த நரம்புப் பாதிப்பாகலாம். பலத்த குறட்டை திடீரென்று நின்று, மூச்சுத் திணறலோடு கால் உதறினால் உறக்க மூச்சுத்தடையாகலாம். அங்கு மூச்சுக்கு மருத்துவம் செய்தாலே பெரும்பாலும் காலசைவும் அடங்கும். உடல் விறைத்து வெட்டியிழுத்தல், நாக்கைக் கடித்தல், படுக்கையில் சிறுநீர் கழித்தல், எழுப்பியும் நெடுநேரம் தெளியாதிருத்தல் ஆகியவை வலிப்பைச் சுட்டும். அவ்வாறு நேர்ந்தால் காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு வர வேண்டும்.

நீங்கள் கவனித்துச் சொல்ல வேண்டியவை

மருத்துவரைக் காண வருமுன் இரண்டு மூன்று இரவுகள் கீழ்க்கண்டவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பொருட்டு இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியதில்லை.

1. எந்நேரம்? கண்ணயரும்போதா, முன்னிரவிலா, விடியலுக்கு முன்பா?

2. எந்த உறுப்பு? பாதமும் முழங்காலும் மட்டுமா, கைகளும் உடலும் சேர்ந்தா?

3. எத்தகைய அசைவு? ஒருமுறை துள்ளலா, சீரான இடைவெளியிலா, நோக்கமுள்ள செயல்போன்றா? ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து எத்தனை முறை அசைந்தது என்று எண்ணுங்கள்.

4. மூச்சு எவ்வாறு உள்ளது? குறட்டை இடையில் நின்று போகிறதா?

5. எழுப்பினால் என்ன நேர்கிறது? உடனே தெளிகிறாரா? கனவைச் சொல்கிறாரா?

6. படுக்குமுன் கால் குடைச்சல் உண்டா? பகலில் அயர்வு உண்டா? வண்டி ஓட்டும்போது கண் அயர்கிறதா?

அவருடைய இசைவைப் பெற்றுக் கைப்பேசியில் சில நிமிடம் காணொளி எடுத்து வந்தால், அது நீண்ட விளக்கத்தைவிட எங்களுக்குப் பயன்படும். ஐயம் எஞ்சுமாயின் உறக்கப் பரிசோதனைக்குப் பரிந்துரைப்போம். தலை, கண்ணருகு, தாடை, முழங்காலுக்குக் கீழ் முன்புறம் ஆகிய இடங்களில் சிறு உணரிகளை ஒட்டி, மூச்சையும் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவையும் இரவு முழுவதும் பதிவு செய்வோம். இதில் ஊசியோ வலியோ இல்லை.

மருத்துவம் குறித்துச் சில சொற்கள்

மாலைக்குப் பின் காபி, தேநீர் தவிர்த்தலும், மதுவையும் புகையையும் விடுதலும், நாள்தோறும் ஒரே நேரத்தில் உறங்கி எழுதலும், அளவான நடைப்பயிற்சியும் உதவும். படுக்குமுன் காலை நீவிவிடுதலும் வெதுவெதுப்பான நீரில் கழுவுதலும் சிலருக்கு இதமளிக்கும்.

இவை போதாதபோது, கால் குடைச்சலுக்குக் கபாபென்டின், பிரிகாபலின் போன்ற மருந்துகள் இப்போது முதலில் பரிந்துரைக்கப்படுகின்றன. இவற்றால் தலைசுற்றலும் தூக்கக்கலக்கமும் வரலாம். இரவில் கழிப்பறைக்குச் செல்லும் முதியோரைக் கவனித்துக்கொள்ளுங்கள். சிறுநீரக நோய் உள்ளோர்க்கு அளவைக் குறைக்க வேண்டும். முன்பு மிகுதியாகக் கொடுக்கப்பட்ட பிராமிபெக்சோல், ரோபினிரோல் ஆகியவை தொடக்கத்தில் நன்கு பயனளிப்பினும், ஆண்டுகள் செல்லச் செல்ல நோயையே மிகுவிக்கக்கூடும்: இரவில் வந்த குடைச்சல் பிற்பகலிலேயே தொடங்கும்; கைகளுக்கும் பரவும். அந்நிலையில் அளவைக் கூட்டுவது தீர்வன்று. இம்மருந்துகளை உட்கொள்வோர் சிலருக்குச் சூதாட்டம், அளவற்ற செலவு போன்றவற்றில் அடக்கவியலாத நாட்டம் தோன்றுவதுண்டு. அதனை அவரே கூறமாட்டார். வீட்டார்தாம் எங்களிடம் கூற வேண்டும். மருந்தைத் திடீரென்று நிறுத்தாமல், எங்களைக் கலந்து படிப்படியாக மாற்ற வேண்டும்.

உறங்குபவர் தம் உறக்கத்தைத் தாமே காண இயலாது. ஆகவே அடுத்த முறை புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது, உங்கள் அருகில் படுத்துறங்குபவரையும் உடன் அழைத்து வாருங்கள். அவர் குறித்துவைத்த தாளையும் கொண்டு வாருங்கள்.